கிளிநொச்சியில் ஒரு பராமரிப்பு இல்லம்: சித்தப்பாவுக்காகச் சென்று பார்த்தது

2009 இல் எறிகணைச் சிதறலால் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த சித்தப்பாவைச் சேர்ப்பதற்காக, ஏ-9 வீதியிலிருந்து சற்று உள்ளே அமைந்துள்ள இவ்வில்லத்தை இரு தடவைகள், இரண்டாம் தடவை முன்னறிவித்தலின்றி, சென்று பார்த்தோம். இரண்டு மணித்தியாலத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வருமென்பதைச் சித்தி 15 ஆண்டுகளுக்கு மேலாகக் கண்விழித்து அறிந்தவர்; ஆகவே அவர் முதலில் கேட்டது இரவுப் பணியாளர் எத்தனை பேர் என்பதையே. 12 பேருக்கு ஒருவர் என்றார்கள்; புரட்டிய நேரத்தைக் குறிக்கும் பதிவேட்டில் நள்ளிரவுக்குப் பிந்திய கட்டங்கள் வெறுமையாகவே இருந்தன. பகற் கவனிப்பில் குறையில்லை. தாதியர் பொறுமையானவர்கள், சாய்தளமும் அகலமானது. மலசலகூட வாசலில் மட்டும் நான்கு அங்குலப் படி (கட்டியவர் சக்கர நாற்காலியைக் கண்டதில்லைப் போலும்). இரவுக்கு இன்னொருவரை நியமிக்கும்வரை சித்தப்பா வீட்டிலேயே இருப்பார்.