மூக்குச் சீரமைப்பு: நெற்றித் தோலா, கன்னத் தோலா?

மூக்கு நுனியில் 2 செ.மீ.க்கு மேல் குறை (தோல் இழந்த இடம்) இருந்தால் யோசிக்கவே வேண்டாம், நெற்றித் தோல்தான். நிறமும் தடிமனும் ஒத்துப்போகும். புருவத்தின் உள்முனையருகே மேலேறும் ரத்தக்குழாயைச் சேர்த்தெடுத்தால் 1.5 செ.மீ. அகலக் காம்பே (எடுத்த தோலை நெற்றியோடு இணைத்து ரத்தம் தரும் பட்டை) போதும். தையல் நூல் உறையின் தகட்டைக் குறையின் வடிவில் வெட்டி, அதை அச்சாக வைத்து நெற்றியில் வரைவார்கள். காம்போடு சுமார் 3 வாரம் இருக்க வேண்டும்; அவசரப்பட்டு அறுத்தால் ஒட்டிய தோல் கருகிவிடும், புகைப்பவர்களுக்கு இன்னும் ஆபத்து. நெற்றி குட்டையானால் தலைமுடியும் மூக்குக்கு வந்து சேரும்!

கன்னத் தோல், மூக்குச் சிறகின் (துவாரத்தின் வெளிப்பக்கச் சுவர்) சிறு குறைகளுக்கு. பண்டைய இந்திய அறுவை மருத்துவர் சுஸ்ருதர் சொன்னதும் இதைத்தான். தழும்பு கன்ன மடிப்பில் மறையும். ஆனால் ஒட்டிய தோல் உப்பிக்கொள்ளும், ஆண்களுக்குத் தாடி முளைக்கலாம்.

எதுவானாலும் சிறகு விளிம்புக்குக் காதுக் குருத்தெலும்பு வையுங்கள். இல்லாவிட்டால் விளிம்பு மேலே சுருங்கும், மூச்சிழுக்கையில் துவாரம் ஒடுங்கும்.