ஆஃப்செட்டா, டிஜிட்டலா?

நானே வரைந்த வாழ்த்து அட்டைகளை விற்க ஆரம்பித்தபோது, எந்த முறையில் அச்சடிப்பது என்று வந்த முதல் குழப்பம் இது. டிஜிட்டலில் பிளேட் (படத்தைப் பதித்த அச்சுத் தகடு) கிடையாது. காலையில் ஃபைலை அனுப்பினால் மாலைக்குள் 50 அட்டை கைக்கு வந்துவிடும். ஆனால் 1,000 போட்டாலும் ஒன்றின் விலை பெரிதாக இறங்காது. ஆஃப்செட்டில் நான்கு நிறத்துக்கு நான்கு பிளேட். அந்தச் செலவு 50 அட்டையில் கழுத்தை நெரிக்கும், 1,000 அட்டையில் தெரியவே தெரியாது. தங்க நிறத்தைத் தனி மையாகவே ஏற்றலாம். சாதாரண நான்கு நிற டிஜிட்டலில் தங்கம் கேட்டால் கடுகு நிறம்தான் வரும். (வந்தது!)

இப்போதெல்லாம் புது டிசைன் என்றால் முதலில் டிஜிட்டலில் 50. விற்றால் அப்புறம் ஆஃப்செட்டுக்காகச் சிவகாசிக்கு ஃபோன். கட்டிலுக்கடியில் இன்னும் 800 பழைய பொங்கல் அட்டைகள் கிடக்கின்றன.