கிரீன் மேன் பிளஸ்: அட்டையைத் தட்டினால் கிடைக்கும் நொடிகள்

சிங்கப்பூரின் சாலைக் கடப்புகளில், பாதசாரிகள் அழுத்தும் பொத்தானுக்கு மேலே ஒரு சிறிய அட்டைக் கருவி பொருத்தப்பட்டிருப்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. மூத்தோரும் உடற்குறை உள்ளோரும் தங்கள் சலுகைப் பயண அட்டையை அதன்மீது தட்டினால், ‘பச்சை மனிதன்’ எனப்படும், நடக்கலாம் என்று காட்டும் விளக்கு வழக்கமான நேரத்தைவிட 3 முதல் 13 நொடிகள் வரை கூடுதலாக எரியும். நிலப் போக்குவரத்து ஆணையம் 2009ஆம் ஆண்டில் தொடங்கிய ‘கிரீன் மேன் பிளஸ்’ என்னும் இந்தச் சேவை, இன்று தீவெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடப்புகளில் உள்ளது. கட்டணம் எதுவும் இல்லை. பேருந்தில் ஏறும்போது தட்டும் அதே அட்டை போதும். மூட்டுவலியுள்ள தாயாரை அழைத்துக்கொண்டு அடிக்கடி சாலையைக் கடக்கும் எனக்கு, மூத்தோருக்காக நம் தெருக்களில் செய்யப்பட்டவற்றுள் மிகவும் பயனுள்ள ஒன்றாக இது தோன்றுகிறது. ஆனால் அந்தப் பயன் எல்லா முதியவர்களையும் சென்றடைவதில்லை என்பதையும் எழுதியாக வேண்டும்.

சில நொடிகளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று எண்ணுவோர் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பவர் 20 மீட்டர் அகலமுள்ள சாலையை 17 நொடிகளுக்குள் கடந்துவிடுவார். கைத்தடி ஊன்றி நொடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கு அதே சாலையைக் கடக்க 25 நொடிகள் வேண்டும். இடைப்பட்ட அந்த 8 நொடிகளில் அவர் சாலையின் கடைசித் தடத்தில், புறப்படத் துடிக்கும் வாகனங்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார். சாலை அகலமாக ஆக இந்த வித்தியாசமும் கூடும் என்பதால்தான் கூடுதல் நேரம் இடத்துக்கு இடம் மாறுகிறது.

அப்படியானால் எல்லாருக்கும் எப்போதும் அந்த நேரத்தைக் கொடுத்துவிடலாமே என்ற கேள்வி எழுவது இயல்பு. சிங்கப்பூரின் போக்குவரத்து விளக்குகள் ‘கிளைட்’ என்னும் கணினிக் கட்டமைப்பின் வழியாக ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை. ஒரு சந்திப்பில் பச்சை விளக்கு பெற்று வரும் வாகனங்கள் அடுத்த சந்திப்பிலும் தடையின்றிச் செல்லும்படி நேரத்தைப் பகிர்ந்தளிப்பது அதன் வேலை. பாதசாரிகளுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு நொடியும் பேருந்துப் பயணிகள் உட்பட வேறு யாரோ காத்திருக்கும் நொடியாகிறது. தேவைப்படுகிறவர் கேட்கும்போது மட்டும் நேரத்தை நீட்டுவது என்ற ஏற்பாடு இந்தச் சிக்கலை நேர்த்தியாகத் தீர்க்கிறது. இதை வடிவமைத்தவர்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

இந்தச் சேவையைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு என் தாயாரின் நடை வேகம் கூடிவிடவில்லை. நடக்கும் விதம் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் எதிரே குறைந்துகொண்டே வரும் எண்களையே பார்த்தபடி, கால் எங்கே படுகிறது என்று கவனிக்காமல் விரைவார். நடைபாதை ஓரத்துக்கு வரும்போது மூச்சு வாங்கும். இப்போது தரையைப் பார்க்கிறார், திரும்பி வரும் வாகனங்களைப் பார்க்கிறார், நடுச்சாலையில் என் கையை இறுக்குவதில்லை. வயதானவர்களைப் பொறுத்தவரை வாகனத்தைப் போலவே அவசரமும் ஆபத்தானது. இடுப்பு எலும்பு முறிவதற்கு ஒரு தடுமாற்றம் போதும்.

இனி, குறைகளுக்கு வருகிறேன். முதலாவதாக, இந்தச் சேவை நடக்கும் நேரத்தை நீட்டுகிறதே தவிர, காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பதற்காக ஏற்பட்டதன்று. வெயிலில் நெடுநேரம் நிற்க முடியாதவர்தான் சிவப்பு எரியும்போதே இறங்கிவிடத் துணிகிறார். கடப்பிலிருந்து 50 மீட்டருக்குள் வேறிடத்தில் சாலையைக் கடப்பது குற்றம் என்று தெரிந்திருந்தும் நிழலைத் தேடி அப்படிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூடுதல் பச்சை உதவாது.

இரண்டாவது குறைதான் என்னை மிகவும் உறுத்துகிறது. கூடுதல் நேரம் அட்டைக்குத்தான் கிடைக்கிறது. மூத்தோர் சலுகை அட்டை 60 வயது நிரம்பிய குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. நம் தமிழ்க் குடும்பங்களிலோ, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் பிரசவத்துக்கு உதவவும் ஊரிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்கும் பெற்றோர் ஏராளம். வாகனம் இடப்பக்கம் செல்லும் நாட்டிலிருந்து வந்தவர்கள் என்றாலும், இவ்வளவு அகலமான சாலையும் எண் குறையும் விளக்கும் அவர்களில் பலருக்குப் புதியவை. திருச்சியிலிருந்து வந்திருந்த என் சித்தி, “அக்கா கூட வந்தால்தான் எனக்கும் நேரம் கிடைக்கிறது” என்றார். இருவர் வயதும் எழுபதைத் தாண்டியது. இருவருக்கும் முழங்கால் வலி. தனியாகப் பால் வாங்கக் கிளம்பும் நாளில் சித்தி இளைஞர்களுக்குரிய நேரத்திலேயே சாலையைக் கடக்க வேண்டும். கைக்குழந்தையோடு வரும் தாய்க்கும், காலில் கட்டுப் போட்டிருப்பவருக்கும் இதே நிலைதான். நீண்டகால வருகை அட்டை வைத்திருக்கும் முதியவர்களுக்காவது, பயணச் சலுகை இல்லாமல் இந்த ஒரு வசதியை மட்டும் தரும் அட்டை ஒன்றைக் கொடுக்கலாம் என்பது என் வேண்டுகோள்.

அட்டையே கேட்காத மற்றோர் ஏற்பாட்டை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மூத்தோர் மிகுதியாக வாழும் வட்டாரங்களில் 2014 முதல் அமைக்கப்பட்டுவரும் ‘சில்வர் ஸோன்’ பகுதிகளில், சாலையே மாற்றப்படுகிறது. தடங்கள் குறுகுகின்றன, நேரான சாலையில் மெல்லிய வளைவுகள் சேர்க்கப்படுகின்றன, வேக வரம்பு 40 அல்லது 30 கிலோமீட்டராகக் குறைகிறது, நடுவில் நின்று இளைப்பாற இடம் விடப்படுவதால் ஒரு திசை வாகனங்களை மட்டும் பார்த்துப் பாதிச் சாலையைக் கடக்கலாம், பிறகு மறுபாதி. 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனத்தின் இயக்க ஆற்றல், 30 கிலோமீட்டரில் வருவதைப்போல ஏறத்தாழ 2.8 மடங்கு. ஓட்டுநர் ஒரு கணம் அசந்தாலும் முதியவர் பிழைக்க வாய்ப்பளிப்பது இந்த வேகக் குறைப்புதான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் சில்வர் ஸோனையே தேர்ந்தெடுப்பேன்; என் சித்திக்கும் அது பயன்படும். ஆனால் பேருந்துகள் நிறைந்த பெருஞ்சாலைகளை அவ்வாறு குறுக்கிவிட முடியாது. அங்கே கிரீன் மேன் பிளஸ்தான் கைகொடுக்கும்.

நடைபாதையின் நிலையும் மேம்பட்டிருக்கிறது. சைக்கிள் பாதையை ஒட்டியுள்ள நடைபாதைகள் 2025 ஜூலை 1 முதல் நடப்பவர்களுக்கு மட்டுமே உரியவை என்பதால், கடப்புவரை வந்துசேர்வதற்குள் பின்னாலிருந்து மணியடிக்குமோ என்ற அச்சம் அத்தகைய இடங்களில் குறைந்துள்ளது.

பயன்படுத்தப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கடப்பை நெருங்குவதற்கு முன்பே அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பையைத் துழாவும் நேரத்தில் பச்சை வந்துவிடும். பச்சை மனிதன் சிமிட்டத் தொடங்கிய பிறகு சாலையில் இறங்க வேண்டாம். எனக்குத் தெரிந்த முதியவர்களில் சிலர் இந்த அட்டையைப் பேருந்துக் கட்டணச் சலுகைக்கு மட்டும் என்றே எண்ணியிருந்தார்கள். வீட்டிலுள்ளோர் ஒருமுறை உடன் சென்று காட்டிக்கொடுத்தால் பழகிவிடுவார்கள்.

அங் மோ கியோ, புக்கிட் பாத்தோக் வெஸ்ட், தெம்பனிஸ், தோ பாயோ, வெஸ்ட் கோஸ்ட் ஆகிய ஐந்து இடங்களில் முதலில் அறிவிக்கப்பட்ட, குடியிருப்பு வட்டாரச் சாலைகளை நடப்பவர்களுக்கு ஏற்றவையாக மாற்றும் ‘பிரண்ட்லி ஸ்டிரீட்ஸ்’ திட்டத்தில், பச்சை மனிதனின் நேரத்தை எல்லாருக்குமாக நீட்டுவதும் அடங்கியுள்ளது. சிராங்கூன் சாலையில் தேக்கா சந்தையிலிருந்து ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில் வரையிலும், முதியவர்களும் ஊரிலிருந்து வந்தவர்களும் கைக்குழந்தையோடு வருகிறவர்களும் ஒன்றாக நடக்கிறார்கள். அட்டை கேட்காத நீண்ட பச்சையை அடுத்து அந்தச் சாலையின் கடப்புகளுக்கும், குறைந்தது வெள்ளிக்கிழமை மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும், கொடுக்க வேண்டும்.