ஜொகூர், சிங்கப்பூர், தமிழ்நாடு: பொருளியல் பலத்தை எதைக் கொண்டு அளப்பது?

மலேசியப் புள்ளிவிவரத் துறை வெளியிடும் இரண்டு அட்டவணைகளை அருகருகே வைத்துப் பார்த்தால், சிங்கப்பூரை ஒட்டிய ஜொகூர் இரண்டு வேறு மாநிலங்கள் போலத் தெரியும். தனிநபர் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அது தேசிய சராசரிக்குக் கீழே நிற்கிறது. குடும்ப வருமானத்திலோ மேலே. 2022 கணக்கெடுப்பில் மலேசியாவின் இடைநிலைக் குடும்ப வருமானம் (வருமான வரிசையில் நடுவில் நிற்கும் குடும்பத்தினுடையது) மாதம் 6,338 ரிங்கிட். ஜொகூரில் 6,879 ரிங்கிட். சரவாக்கில் நேர் எதிர். அங்கே தனிநபர் உற்பத்தி தேசிய சராசரியைத் தாண்டிவிட்டது, இடைநிலைக் குடும்ப வருமானம் 4,978 ரிங்கிட்டோடு நின்றுவிட்டது.

சரவாக்கின் கதை எளிது. எண்ணெயும் எரிவாயுவும் அங்கே எடுக்கப்படுவதால் அவற்றின் மதிப்பு மாநிலத்தின் உற்பத்திக் கணக்கில் ஏறுகிறது. லாபத்தின் பெரும்பகுதி உள்ளூர்க் குடும்பங்களின் சமையலறை வரை வருவதில்லை. ஜொகூரின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். சிங்கப்பூர் எல்லையிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் விடிவதற்கு முன்பே வேலைக்கு வரும் ஜொகூர்க்காரர்களின் மோட்டார் சைக்கிள்கள் வரிசைகட்டுகின்றனவே, அதுதான் அந்த வித்தியாசம்.

ஒரு பகுதியின் பொருளியல் பலத்தை அளக்க மூன்று வழிகள் அடிக்கடி பேச்சில் அடிபடுகின்றன: உற்பத்தி, குடும்பத்தின் கைக்கு வரும் பணம், முதலீட்டு அறிவிப்புகள். மூன்றையும் சிங்கப்பூர்த் தமிழருக்குப் பழக்கமான மூன்று இடங்களில் வைத்துப் பார்க்கலாம். சிங்கப்பூர் ஒரு நாடு, மற்ற இரண்டும் மாநிலங்கள், இது பொருந்தாத ஒப்பீடு என்று சிலர் சொல்லலாம். ஆனால் பொருளியல் எல்லைகள் வரைபடத்துக் கோடுகளை மதிப்பதில்லை. அதனால்தான் இந்தக் கேள்வியே சுவாரசியமாகிறது.

உற்பத்திக் கணக்கு: எங்கே செய்யப்பட்டது என்பது மட்டும்

மொத்த உள்நாட்டு உற்பத்தி கேட்பது ஒரே கேள்விதான்: இந்த எல்லைக்குள் எவ்வளவு மதிப்பு உருவானது? உருவாக்கியது யார், பணம் யாருக்குப் போனது என்பதெல்லாம் அதன் கவலை இல்லை.

ஜொகூரின் ஸ்கூடாயில் குடியிருந்து சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒரு தொழில்நுட்பரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 2,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வேலை துவாஸில் நடப்பதால் அது சிங்கப்பூரின் உற்பத்தியில் சேர்கிறது, ஜொகூரின் உற்பத்தியில் ஒரு காசுகூடச் சேராது. ஆனால் தினமும் வீடு திரும்புகிறவர் என்பதால், பன்னாட்டுக் கணக்கு விதிப்படி அந்தச் சம்பளம் மலேசியாவின் தேசிய வருமானத்தை, அதாவது அந்நாட்டில் வசிப்பவர்கள் ஈட்டும் மொத்த வருமானத்தைச் சேர்ந்தது. ஒரு வெள்ளிக்கு 3.2 ரிங்கிட் என்று வைத்தாலே 8,000 ரிங்கிட். ஒரே ஆளின் சம்பளம் ஜொகூரின் நடுக் குடும்பம் ஒன்றின் மொத்த வருமானத்தைத் தாண்டிவிடுகிறது! இப்படிப்பட்ட குடும்பங்கள் ஏராளம் இருக்கும்போது, உற்பத்தியை மட்டும் பார்த்து ஜொகூரைப் பின்தங்கிய மாநிலம் என்று சொன்னால் தாமான்களில் (குடியிருப்புப் பேட்டைகளில்) நிற்கும் கார்களே சிரிக்கும்.

இப்போது ஆளை மாற்றுவோம். புதுக்கோட்டையிலிருந்து வந்து துவாஸில் தங்கும் விடுதியில் இருந்தபடி கட்டுமானத் தளத்துக்குப் போகிறவர். ஓராண்டுக்கு மேல் இங்கே இருக்கிறார் என்றால் பொருளியல் கணக்கில் அவர் சிங்கப்பூர்வாசி. அவருடைய சம்பளம் சிங்கப்பூரின் உற்பத்தியிலும் இருக்கிறது, சிங்கப்பூரின் தேசிய வருமானத்திலும் இருக்கிறது. சிராங்கூன் சாலையில் ஞாயிற்றுக்கிழமை அவர் ஊருக்கு அனுப்பும் பணம் வெறும் ‘மாற்றல்’ என்ற தலைப்பில் போகும். தமிழ்நாட்டின் மாநில உற்பத்தியில் அது நேரடியாக இடம்பெறாது. ஊரில் அந்தப் பணத்தில் மாடி கட்டும்போது கொத்தனாருக்குக் கொடுக்கும் கூலி, சிமெண்டு, கம்பி, செங்கல் விற்றவரின் லாபம் என்று சுற்றிச் சுற்றித்தான் உள்ளே வரும்.

ஒரே சிங்கப்பூரில் உழைத்துச் சம்பளம் வாங்கும் இருவர். ஒருவர் இரவு வீட்டுக்குப் போகிறார், இன்னொருவர் போகவில்லை என்பதற்காகக் கணக்கில் இவ்வளவு வித்தியாசம்.

சிங்கப்பூரின் எண்ணை எடுத்துக்கொள்வோம். 2023இல் தனிநபர் மொத்த உள்நாட்டு உற்பத்தி ஏறத்தாழ 114,000 வெள்ளி. மாதத்துக்குப் பிரித்தால் கைக்குழந்தை உட்பட ஆளுக்கு 9,500 வெள்ளி. அதே ஆண்டில், வேலைக்குப் போகிறவர் உள்ள சிங்கப்பூர்வாசிக் குடும்பங்களில் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம் உறுப்பினர் ஒருவருக்கு மாதம் 3,500 வெள்ளி. முதலாளி செலுத்தும் மத்திய சேம நிதிச் சந்தாவையும் சேர்த்துத்தான் இந்தத் தொகை. 9,500 எங்கே, 3,500 எங்கே?

இடைவெளிக்குக் காரணங்கள் பல. இயந்திரத் தேய்மானம், அரசுக்குப் போகும் வரி, நிறுவனங்கள் கையில் வைத்துக்கொள்ளும் லாபம். எல்லாவற்றுக்கும் மேலாக, இங்கே இயங்கும் பன்னாட்டு நிறுவனங்களின் லாபம் கடைசியில் வெளிநாட்டுப் பங்குதாரர்களுக்கு உரியது. உலக வங்கிக் கணக்கில் 2023இல் சிங்கப்பூரின் தனிநபர் உற்பத்தி சுமார் 85,000 அமெரிக்க டாலர், தனிநபர் தேசிய வருமானம் சுமார் 70,000 டாலர். இரண்டுக்கும் நாணய மாற்று முறை கொஞ்சம் வேறு என்றாலும், இடைவெளி எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமில்லை. டெமாசெக், ஜிஐசி போன்ற அரசு முதலீட்டு நிறுவனங்கள் வெளியே ஈட்டுவதைச் சேர்த்த பிறகும், உள்ளே வருவதைவிட வெளியே போவது அதிகம்.

இந்த விஷயத்தில் அயர்லாந்துதான் உச்சம். 2015இல் சில பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் அறிவுசார் சொத்துகளைக் கணக்கில் அங்கே மாற்றியதும், நாட்டின் உற்பத்தி ஒரே ஆண்டில் சுமார் 26 விழுக்காடு வளர்ந்ததாக எண் சொன்னது. டப்ளினில் யாருக்கும் சம்பளம் 26 விழுக்காடு ஏறவில்லை. அப்புறம் அந்நாட்டுப் புள்ளிவிவர அலுவலகம், இந்த வீக்கத்தைக் கழித்த தேசிய வருமானம் ஒன்றைத் தனியாக வெளியிடத் தொடங்கியது. சிங்கப்பூரிலும் ஒரு காலத்தில் உள்ளூர்வாசிகளின் பங்கை மட்டும் பிரித்துக் காட்டும் கணக்கு வெளியானது. அதைத் திரும்பக் கொண்டுவரலாம் என்பது என் ஆசை.

இவ்வளவு குறை இருந்தும் உற்பத்திக் கணக்குக்கு ஒரு பெரிய பலம் உண்டு: வேகம். சிங்கப்பூர் வர்த்தக தொழில் அமைச்சு காலாண்டு முடிந்து இரண்டே வாரங்களில் முன்னோட்ட மதிப்பீட்டை வெளியிட்டுவிடுகிறது. பொருளியல் சரிகிறதா, நிமிர்கிறதா என்று தெரிந்துகொள்ள இதைவிட விரைவான முழுக் கணக்கு வேறு இல்லை.

குடும்பக் கணக்கு: யார் கைக்கு வந்தது

குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தி, நடுவில் இருப்பவரைப் பார்ப்பது இரண்டாவது வழி. 2024இல் சிங்கப்பூரில் அந்த நடுக் குடும்பத்தின் வேலை வருமானம் மாதம் 11,297 வெள்ளி. பில்லியன் கணக்கில் லாபம் பார்த்த ஒரு நிறுவனம் இந்த எண்ணை அசைக்க முடியாது. அதுதான் இதன் அழகு.

ஓட்டைகளும் இருக்கின்றன. இங்கே கணக்கில் வருவது குடிமக்கள், நிரந்தரவாசிகளின் குடும்பங்கள் மட்டும், அதிலும் யாராவது ஒருவர் வேலை பார்க்கும் குடும்பங்கள். ஓய்வுபெற்ற தம்பதி தனியே இருந்தால் இதில் இல்லை. விடுதியில் இருக்கும் நம் புதுக்கோட்டைக்காரரும் இல்லை. தனிநபர் உற்பத்தியைக் கணக்கிட மக்கள்தொகையால் வகுக்கும்போது மட்டும் அவர் ஒரு தலை. மலேசியாவில் இந்தக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் நடப்பதில்லை.

இந்தியாவில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பெரிய அளவில் எடுக்கப்படுவது வருமானக் கணக்கு அல்ல, செலவுக் கணக்கு. 2011-12க்குப் பிறகு அதன் அடுத்த முடிவுகள் 2022-23க்குத்தான் வெளியாயின. நடுவில் எடுத்த ஒன்றை அரசு வெளியிடவே இல்லை. ஆனால் தாமதமாக வந்தாலும் தமிழ்நாட்டைப் பற்றி அது சொல்வது மாநில உற்பத்திக் கணக்கு சொல்லாத ஒன்று. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒருவரின் மாதச் செலவு 5,310 ரூபாய், அகில இந்தியக் கிராமங்களில் 3,773. நகரங்களில் 7,630க்கு எதிராக 6,459. அதாவது கிராமத்தில் 40 விழுக்காடு முன்னிலை, நகரத்தில் 18 விழுக்காடுதான். உற்பத்திக் கணக்கிலிருந்து எடுத்துத் தனிநபர் வருமானம் என்று மாநில அரசு பெருமையோடு சொல்லும் எண் அகில இந்திய சராசரியைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். அந்த எண்ணை மட்டும் பார்ப்பவர் சென்னையையும் ஸ்ரீபெரும்புதூரையும் நினைத்துக்கொள்வார். உண்மையான பலம் கிராமத்தில் இருப்பதைச் செலவுக் கணக்குதான் காட்டிக்கொடுக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் பணமும் இங்கே தப்பாமல் தெரிகிறது, ஏனென்றால் அரிசி வாங்கிய காசு துவாஸிலிருந்து வந்ததா, திருப்பூரிலிருந்து வந்ததா என்று அது கேட்பதில்லை.

முதலீட்டு அறிவிப்பு: கைதட்டலுக்கு உரியது

மூன்றாவதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்குப் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. புரிந்துணர்வு என்பது வாக்குறுதி, தொழிற்சாலை அல்ல. ஜொகூரில் அடுத்தடுத்து எழும் தரவு மையங்களும் இந்தப் பட்டியலில் பளபளப்பாகத் தெரிகின்றன. பணம் பில்லியன் கணக்கில் இறங்குகிறது, மின்சாரமும் தண்ணீரும் ஏராளமாகப் போகின்றன, கட்டி முடித்த பிறகு உள்ளே வேலை பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர். சிங்கப்பூரின் பொருளியல் வளர்ச்சிக் கழகம் முதலீட்டுத் தொகையோடு எதிர்பார்க்கும் வேலைகளின் எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்கிறது (2024இல் 13.5 பில்லியன் வெள்ளி, 18,700 வேலைகள்). குறைந்தபட்சம் அப்படிச் சொன்னால் காது கொடுத்துக் கேட்கலாம்.

வளர்ந்த விதத்தைப் பொறுத்து அளவுகோல்

எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. அந்தப் பகுதி எப்படி வளர்ந்தது என்று பார்த்த பிறகுதான் எந்த எண் ஏமாற்றும் என்று தெரியும்.

சிங்கப்பூர் வெளிநாட்டு நிறுவனங்களை அழைத்து வளர்ந்த ஊர். 1960இல் ஐநா குழுவோடு வந்த டச்சுப் பொருளியல் நிபுணர் ஆல்பர்ட் வின்செமியஸின் ஆலோசனை, 1961இல் தொடங்கிய பொருளியல் வளர்ச்சிக் கழகம், நிதியமைச்சர் கோ கெங் சுவீ சதுப்பு நிலத்தில் எழுப்பிய ஜூரோங் தொழிற்பேட்டை என்று அந்தப் பாதை போனது. 1994இல் அமெரிக்கப் பொருளியலாளர் பால் க்ருக்மன், இந்த வளர்ச்சி மூலதனத்தையும் ஆட்களையும் குவித்ததால் வந்தது, உற்பத்தித்திறனால் அல்ல என்று எழுதியபோது இங்கே பலருக்குக் கோபம் வந்தது. கோபம் ஒருபுறம் இருக்கட்டும், வெளியார் மூலதனத்தில் வளர்ந்த இடத்தில் உற்பத்திக்கும் உள்ளூர் வருமானத்துக்கும் இடைவெளி இருந்தே தீரும். ஆகவே சிங்கப்பூருக்கு நான் முதலில் பார்ப்பது இடைநிலைக் குடும்ப வருமானம், அடுத்து தேசிய வருமானம், கடைசியில்தான் தனிநபர் உற்பத்தி.

தமிழ்நாட்டின் பின்னலாடை ஊரான திருப்பூர் அதற்கு மறுபக்கம். பின்னுபவர் ஒருவர், சாயம் போடுபவர் ஒருவர், வெட்டித் தைப்பவர் இன்னொருவர் என்று சின்னச் சின்ன உள்ளூர் முதலாளிகள். லாபம் ஊரிலேயே சுற்றுவதால் அங்கே உற்பத்திக் கணக்கு அவ்வளவு பொய் சொல்லாது. வேறொன்றை மறைக்கும்: நொய்யலில் கலந்த சாயக் கழிவை. 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்குப் போனபோதும், ஆறு கெட்டதற்காக எந்த ஆண்டின் உற்பத்தியிலும் ஒரு ரூபாய் கழிக்கப்படவில்லை.

ஜொகூர் பக்கத்து வீட்டுப் பொருளியலைச் சார்ந்து வளர்வது. 1989இல் அப்போதைய துணைப் பிரதமர் கோ சோக் டோங் முன்வைத்த சிங்கப்பூர்-ஜொகூர்-ரியாவ் வளர்ச்சி முக்கோணத்தின் கணக்கே அதுதான்: இங்கே மூலதனமும் நிர்வாகமும், அங்கே நிலமும் ஆட்களும். 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் வட்டாரமும் அதே எண்ணத்தின் அடுத்த கட்டம். சிங்கப்பூரைப்போல் நான்கு மடங்குக்கும் அதிகமான நிலப்பரப்பு, பத்து ஆண்டுகளில் 100 திட்டங்கள், முதல் ஐந்தாண்டுகளில் 50 என்பது இலக்கு.

அங்கே எந்த எண்ணைப் பார்ப்பது? இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் ஜொகூரின் புக்கிட் சாகாருக்கும் இடையே 2026 இறுதியில் ஓடத் தொடங்கும் என்று திட்டமிடப்பட்ட ஆர்டிஎஸ் ரயில், ஒரு திசையில் மணிக்கு 10,000 பேரை ஏற்றிச் செல்லும். காலையில் தெற்கே வருகிறவர்கள் ஜொகூரின் குடும்ப வருமானத்தை உயர்த்துவார்கள், அதன் உற்பத்தியைத் தொடமாட்டார்கள். சனிக்கிழமை வடக்கே போய்ச் சாப்பிட்டு, முடிவெட்டி, பல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரும் சிங்கப்பூரர்களோ ஜொகூரின் உற்பத்தியை உயர்த்துவார்கள்; கணக்குப்படி அது சேவை ஏற்றுமதி. குடும்ப வருமானம் ஏறி உற்பத்தி ஏறாவிட்டால் ஜொகூர் சிங்கப்பூருக்கு வேலையாள் அனுப்பும் குடியிருப்பாகிறது என்று பொருள். இரண்டும் ஏறினால் வட்டாரத் திட்டம் வேலை செய்கிறது. உற்பத்தி மட்டும் எகிறிக் குடும்ப வருமானம் அசையாவிட்டால், தரவு மையங்களின் மின் கட்டணத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டியதுதான்.