சென்ட்ஓஎஸ் 7-இல் குரோமாக்ஸ்: மூலத்திலிருந்தா, கன்டெய்னரிலா?

சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கான ஆதரவு 2024 ஜூன் 30-இல் முடிந்தது. ஆனாலும் பல ஆய்வகக் கிளஸ்டர்களில் (இணைத்த கணினித் தொகுதிகளில்) அது இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. அதில் மூலக்கூறு சிமுலேஷன் மென்பொருளான குரோமாக்ஸ் 2024 வேண்டுமென்றால் இரண்டு வழிகள்.

மூலநிரலிலிருந்து நாமே கம்பைல் செய்வது முதல் வழி. சென்ட்ஓஎஸ் 7-உடன் கூடவே வரும் கம்பைலரான ஜிசிசி 4.8.5 உதவாது, குறைந்தது 9-ஆவது பதிப்பு வேண்டும், கம்பைலை அமைக்கும் கருவியான சிமேக்கும் 3.18.4-க்குக் குறையக்கூடாது. அடுப்பு கட்டிவிட்டுத்தான் சோறு வடிக்கணும். பலன், உங்கள் சிபியூவுக்கேற்ற ஏவிஎக்ஸ் கட்டளைகள் (கணக்கை வேகப்படுத்தும் சிபியூ கட்டளைகள்) அமையும்.

இரண்டாவது வழியான அப்டெய்னர் கன்டெய்னர், அதாவது மென்பொருளையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒரே பொதியாகக் கட்டித் தருவது, சுலபம்: புது ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை நிரலகம்) உள்ளேயே இருக்கும். கர்னல் (இயங்குதளத்தின் மையம்) மட்டும் வெளியிலுள்ள சென்ட்ஓஎஸ்ஸின் பழைய 3.10 தான். கன்டெய்னர் இமேஜ் (அந்தப் பொதிக் கோப்பு) வேறு சிபியூவுக்காகக் கட்டியதென்றால் வேகம் குறையலாம். குரோமாக்ஸின் லாக் கோப்பே எச்சரிக்கும், படியுங்கள்.

சோதனைக்குக் கன்டெய்னர் போதும். வாரக்கணக்கில் ஓடும் சிமுலேஷனுக்கு நான் கம்பைல்தான் செய்வேன்.