ஆறு இரவில் பூடான்: பேக்கேஜில் எதை மாற்றச் சொல்ல வேண்டும்?

பூடானுக்கு ஆள் அழைத்துப்போகும் ஏஜென்சிகள் எத்தனை இருந்தாலும், அவர்கள் விற்கும் ஆறு இரவு, ஏழு பகல் திட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். பாரோவில் இறங்கி திம்புவில் இரண்டு இரவு, புனாகாவில் ஒன்று, போப்ஜிகாவில் ஒன்று, திரும்பி வந்து பாரோவில் இரண்டு. இடங்களின் பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை எல்லாம் எந்த இடத்துக்கு எத்தனை மணிக்குப் போகிறார்கள், எங்கே எத்தனை இரவு தங்க வைக்கிறார்கள் என்பதில்தான். முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்டால் மாற்றித் தருவார்கள். போய் இறங்கிய பிறகு கேட்டால், ஓட்டல் ஏற்கெனவே பேசியாயிற்று என்ற பதில்தான் கிடைக்கும்.

முதலில் காசு. பேரத்துக்கு இடமில்லாத பகுதி, பூடான் அரசு இரவுக் கணக்கில் வாங்கும் எஸ்.டி.எஃப். (நிலைத்த வளர்ச்சிக் கட்டணம்). இந்தியக் குடிமக்களுக்குத் தலைக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு 100 டாலர். விசாவுக்கு 40 டாலர் தனி. ஆறு இரவுக்கு ஒருவருக்கு 7,200 ரூபாய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரும் சிங்கப்பூர் மாமாவுக்கு 600 டாலர். கலப்புப் பாஸ்போர்ட் குடும்பங்கள் இதை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். 6 முதல் 12 வயது வரை பாதி, 6 வயதுக்குக் கீழே இலவசம். 2022 செப்டம்பரில் இந்தக் கட்டணம் 200 டாலராக உயர்ந்தது. 2023 செப்டம்பரில்தான் 100 ஆனது. 2022-க்கு முந்தைய ஏற்பாடு வேறு: தங்குமிடம், சாப்பாடு, கைடு, வண்டி எல்லாம் சேர்த்து நாளுக்குக் குறைந்தபட்சத் தொகை என்று இருந்தது. இன்று எஸ்.டி.எஃப். கட்டினால் அதில் ஒரு வேளைச் சோறுகூடச் சேராது. பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஏஜென்சி சொல்லும் மொத்த விலையில் பெரும்பாலும் சேராதவை: கோயில், கோட்டை நுழைவுச்சீட்டுகள், தக்ஸங் (பாரோவின் பாறைமுக மடம்) மலையடிவாரக் குதிரை, வெந்நீர்க்கல் குளியல், கைடுக்கும் டிரைவருக்கும் கொடுக்கும் டிப்ஸ். நுழைவுச்சீட்டு சேர்ந்ததா இல்லையா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு அது மட்டுமே கணிசமான தொகை.

ஆவணம் என்றால் இந்தியர்களுக்கு பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை. ஆதார் செல்லாது. வாக்காளர் அட்டை இல்லாத சிறுவர்களுக்கு பாஸ்போர்ட் எடுத்துவிடுவது நல்லது. பிறப்புச் சான்றிதழையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாரோ விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,235 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே ஒரே ஓடுபாதையோடு இருக்கிறது. விமானி கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும் என்பதால் பகலில் மட்டுமே போக்குவரத்து. பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்று வலுப்பதால் பெரும்பாலான விமானங்கள் காலையிலேயே வந்து போய்விடும். மேகம் இறங்கினால் தாமதம் சாதாரணம். எனவே திரும்பும் நாளில் கொல்கத்தாவிலோ டெல்லியிலோ அன்று மாலையே அடுத்த விமானம் பிடிக்கிற மாதிரித் திட்டம் போட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. பெட்டியையும் எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். ஓர் இரவு நடுவில் தங்குவது தவறவிட்ட டிக்கெட்டைவிட மலிவு. டெல்லியிலிருந்து போகும்போது இடப்பக்க ஜன்னல். வானம் தெளிந்திருந்தால் எவரெஸ்ட் அந்தப் பக்கம்தான்.

ஜெய்காவ்–புன்ட்ஷோலிங் எல்லை வழியாகத் தரைமார்க்கமாகப் போகும் பேக்கேஜ்கள் மலிவு. ஆனால் திம்புவுக்கு சுமார் 150 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம், முழுக்க வளைவு. இந்த நாட்டில் உயரத்தால் வரும் தலைவலியைவிட வளைவால் வரும் வாந்திதான் அதிகம் படுத்தும். மாத்திரையை வண்டி ஏறுவதற்கு அரை மணி முன்னால் போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை.

திம்புவுக்கு இரண்டு இரவு தேவையில்லை. காலை பாரோவில் இறங்கினால் மதியத்துக்குள் திம்பு வந்துவிடலாம். 51 மீட்டர் உயர புத்தர் தோர்தென்மா சிலை (உள்ளே 1,25,000 சிறு புத்தர்கள்), 1974-இல் கட்டிய நினைவுச் சோர்டென் (ஸ்தூபி), மாலையில் தாஷிச்சோ ஜோங். இந்த மூன்றும் அன்றைக்கே முடியும். ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஜோங் என்பது கோட்டை, மடம், அரசு அலுவலகம் மூன்றும் ஒன்றான கட்டடம். தாஷிச்சோ ஜோங்கில் அரசரின் அலுவலகமே இருக்கிறது. ஆகவே வேலைநாட்களில் அலுவலகம் முடிந்த பிறகுதான் பார்வையாளர்களை உள்ளே விடுவார்கள். திட்டத்தில் அது செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு என்று போட்டிருந்தால், எதிர்மலையிலிருந்து காட்டிவிட்டுக் கிளம்பப்போகிறார்கள் என்று பொருள்.

அங்கே மிச்சமாகும் இரவைப் புனாகாவுக்குக் கொடுங்கள். நாங்கள் சொல்லும் முக்கிய மாற்றம் இதுதான்.

ஒற்றை இரவுத் திட்டத்தில் நடப்பது இது. திம்புவில் ஒன்பதரைக்குக் கிளம்பி, டோச்சுலா கணவாயில் மேகத்தைப் பார்த்து, சிமி லகாங் கோயிலில் மதியத்தைக் கழித்து, புனாகா ஜோங்குக்கு நான்கு மணிக்கு ஓடுவார்கள். ஐந்து மணிக்கு வெளியே வந்தாக வேண்டும். மறுநாள் காலை போப்ஜிகா. இரண்டு இரவு இருந்தால் ஏழு மணிக்கே திம்புவை விட்டுக் கிளம்பலாம். சுமார் 3,100 மீட்டர் உயர டோச்சுலாவில், அக்டோபர் முதல் பிப்ரவரி வரை, காலையில்தான் பனிமலைகள் தெரியும். அந்த வரிசையில் 7,570 மீட்டர் காங்கர் புவென்சுமும் உண்டு: உலகில் இன்னும் மனிதர் ஏறாத மலைகளில் மிக உயரமானது. ஏறவும் முடியாது, பூடான் 2003-இல் மலையேற்றத்தையே தடை செய்துவிட்டது. கணவாயில் இருக்கும் 108 சோர்டென்கள், அசாம் கிளர்ச்சியாளர்களுடன் 2003-இல் நடந்த மோதலில் இறந்த வீரர்களின் நினைவாகக் கட்டியவை. பத்து மணிக்கு மேல் போனால் அவை மட்டும்தான் தெரியும்.

சிமி லகாங் 1499-இல் கட்டியது. துருக்பா குன்லே என்ற குறும்புக்காரத் துறவியோடு சேர்ந்த கோயில். குழந்தை வரம் வேண்டி வருகிறார்கள். சாலையிலிருந்து வயல் வரப்பில் இருபது நிமிட நடை. மழை பெய்திருந்தால் செருப்பு உதவாது. வழியில் சோப்சோகா கிராமத்து வீட்டுச் சுவர்களில் ஆண்குறி ஓவியங்கள் ஆளுயரத்துக்கு இருக்கும், கடைகளில் மரத்திலும் செதுக்கி வைத்திருப்பார்கள். திருஷ்டிக்காக வரைவது; அங்கே அதில் கூச்சம் எதுவும் கிடையாது. பெரியவர்களையும் பிள்ளைகளையும் அழைத்துப்போகிறவர்கள் முன்னாலேயே சொல்லி வைத்துவிடலாம்.

புனாகா ஜோங்கைக் காலையில் பாருங்கள். போ சூ, மோ சூ ஆறுகள் கூடும் முனையில் 1637–38-இல், பூடானை ஒரே நாடாக்கிய ஷப்துருங் நவாங் நம்கியால் கட்டியது. மரப்பாலம் தாண்டி, செங்குத்தான மரப்படி ஏறி உள்ளே போனால் அடுத்தடுத்து மூன்று முற்றங்கள். நல்ல கைடு முதல் முற்றத்தில் அவசரப்படுத்த மாட்டார். மூன்றாவது முற்றத்தின் ‘நூறு தூண்’ மண்டபத்தில் நிதானமாக நிறுத்துவார். எண்ணினால் 54 தூண்தான் இருக்கும். ஷப்துருங் 1651-இல் இறந்ததை ஏறக்குறைய ஐம்பது ஆண்டு வெளியில் சொல்லாமல் வைத்திருந்தார்கள். அவர் உடல் இருக்கும் சன்னதிக்குள் நமக்கு அனுமதி இல்லை. நாட்டின் தலைமைத் துறவியும் பிட்சுக்களும் குளிர்காலத்தில் இங்கே, கோடையில் திம்புவில். ஜனவரியில் போனால் முற்றம் முழுக்கச் செங்காவி. ஜூலையில் வெறிச்சென்று இருக்கும். பிற்பகலுக்கு கம்சும் யூலே சோர்டென் இருக்கிறது, வயல்கள் வழியே முக்கால் மணி ஏற்றம். புனாகா 1,200 மீட்டர் உயரம்தான் என்பதால் மற்ற ஊர்களைவிட இதமாக இருக்கும். மூட்டுவலிக்காரர்களுக்கு ஓய்வுநாளும் ஆகும்.

போப்ஜிகா போகும் வழியில் வாங்டூ போத்ராங் ஜோங் வருகிறது. 2012 தீவிபத்தில் எரிந்து, மறுபடி கட்டி 2022-இல் திறந்தார்கள். வண்டியிலிருந்து காட்டிவிட்டுப் போவதுதான் வழக்கம், நிறுத்தச் சொல்லுங்கள். மரவேலை புதிது என்பதால் வண்ணமும் செதுக்கலும் துல்லியமாகத் தெரியும்.

போப்ஜிகாவைப் புனாகாவிலிருந்து ஒருநாள் போய்வரும் இடமாக விற்பவர்களிடம் வாங்கவே வாங்காதீர்கள். போக வர ஐந்தாறு மணி நேரம் சாலையில் போகும். திபெத்திலிருந்து வரும் கருங்கழுத்துக் கொக்குகள் நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை இங்கே இருக்கும். இரவில் ஆழமில்லாத நீரில் நின்றபடி உறங்கி, விடிந்ததும் மேயப் பறக்கும். அந்தியிலும் விடியலிலும்தான் அவற்றைக் கூட்டமாகப் பார்க்க முடியும். நண்பகலில் வருகிறவர்களுக்கு வெள்ளைப் புள்ளிகள் கிடைக்கும். கொக்கு மையத்தில் தொலைநோக்கி வைத்திருக்கிறார்கள், முதலில் அங்கே போவது நல்லது. பள்ளத்தாக்கு சுமார் 2,900 மீட்டர். டிசம்பர், ஜனவரியில் குழாய்த்தண்ணீர் உறையும். அறையில் புகாரி என்ற விறகு அடுப்பு உண்டா, இரவில் யார் விறகு போடுவார்கள் என்று கேட்டுவிட்டு ஓட்டலை ஒப்புக்கொள்ளுங்கள். கொக்கு இல்லாத மாதங்களில் இந்த இரவை வெட்டிவிட்டு, பாரோவில் மூன்றாவது இரவாகச் சேர்த்து, 3,988 மீட்டர் செலெலா கணவாய் வழியாக ஹா பள்ளத்தாக்குக்குப் போய்வருவதே மேல். உயரம் உடம்புக்குப் பழக வேண்டும் என்பதால், செலெலாவை மட்டும் முதல் இரண்டு நாளில் வைக்க விடாதீர்கள்.

போப்ஜிகாவிலிருந்து பாரோவுக்கு ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். அன்று வேறு எதுவும் வேண்டாம். மறுநாள் தக்ஸங்.

பாறை முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்த மடம் 3,120 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குரு பத்மசம்பவர் புலிமேல் ஏறி வந்து தவமிருந்த குகை என்பது ஐதீகம். 1692-இல் கட்டியது; 1998-இல் எரிந்து, 2005-இல் புதுப்பித்து முடிந்தது. ஏற்றம் ஐந்நூறு மீட்டருக்குச் சற்று மேல். சாதாரண உடல்நிலைக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம். தோல்விக்குக் காரணம் பெரும்பாலும் உடல் இல்லை, கடிகாரம். மடம் மதியம் ஒரு மணிக்கு மூடி இரண்டுக்குத் திறக்கும். பத்து மணிக்கு அடிவாரத்தில் இறங்கும் குழு, சரியாக மூடும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து வாசலில் வியர்வை காய நிற்கும். ஏழரைக்கு நடக்கத் தொடங்க வேண்டும் என்று முதல்நாளே கைடிடம் சொல்லிவிடுங்கள். நுழைவுச்சீட்டு அடிவாரத்தில்தான் கிடைக்கும், மேலே கிடைக்காது.

குதிரை பாதிவழியில் இருக்கும் உணவகம் வரைதான். இறங்குவதற்குக் குதிரை இல்லை. உணவகத்தைத் தாண்டி, மடத்துக்கு நேர் எதிரே ஒரு முனை வரும். கை நீட்டினால் எட்டும்போல் தெரியும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்த முனையிலிருந்து அருவிவரை படியில் இறங்கி, பாலம் கடந்து, மறுபடி ஏற வேண்டும்; எழுநூறுக்கும் மேற்பட்ட படிகள், திரும்பும்போது அத்தனையும் இன்னொரு முறை. முழங்கால் சந்தேகம் என்றால் அந்த முனையோடு நிறுத்திக்கொள்வதில் தவறே இல்லை, முகப்புக் காட்சி அங்கிருந்துதான் சிறப்பு. கைத்தடி அடிவாரத்தில் வாடகைக்குக் கிடைக்கும், இறக்கத்துக்காகவாவது எடுத்துக்கொள்ளுங்கள். போன், கேமரா, பை எல்லாம் வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே. முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை கட்டாயம், தொப்பி கூடாது. தடித்த சாக்ஸ் ஒன்று தனியாக எடுத்துப்போங்கள்: ஏறி வந்த ஈரச் சாக்ஸோடு அந்தச் சில்லிட்ட தரையில் பத்து நிமிடம் நிற்க முடியாது.

அன்று மாலைக்குத்தான் வெந்நீர்க்கல் குளியல். ஆற்றுக்கற்களை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி மரத்தொட்டியில் போடுவார்கள். கல் காயவே இரண்டு மூன்று மணி நேரம் ஆகும் என்பதால் காலையிலேயே சொல்லி வைக்க வேண்டும்.

சாப்பாட்டில் இந்த பேக்கேஜ்கள் பலவீனம். ஓட்டல் பஃபே எல்லா ஊரிலும் சோறு, பருப்பு, உருளை, கீரை, நூடுல்ஸ் என்றே இருக்கும். எமா தட்ஷியை வெளிநாட்டார் நாக்குக்காகத் தண்ணீராக்கி வைப்பார்கள். அதில் மிளகாய்தான் காய், பாலாடைக்கட்டி குழம்பு. கைடும் டிரைவரும் சாப்பிடுவதையே கொடுங்கள் என்று கேட்டால் அசல் வரும். கூடவே எசே என்ற மிளகாய்த் துவையலும். சைவர்கள் காய்கறிப் பண்டத்தில் உலர்ந்த இறைச்சி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பௌத்த நாடு என்பதால் சைவ நாடு என்று ஆகிவிடாது.

கடைசி நாள் காலை விமானம் என்பதால் எதுவும் பார்க்க முடியாது. ஏழாவது ‘பகல்’ பெயரளவுக்குத்தான். இந்திய ரூபாய் அங்கே செல்லும், மதிப்பும் ஒன்றுக்கு ஒன்றுதான். ஆனால் சில்லறையாகத் திரும்பி வரும் நுல்ட்ரமை (பூடான் பணம்) அந்த நாட்டுக்கு வெளியே மாற்றுவது பாடு. ஆறாம் நாள் இரவே எண்ணிப்பார்த்து, டிப்ஸை அதில் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள்.