பாங்காக் வழியாக "கனெக்டிங்" டிக்கெட்டா? ஒரு நிமிஷம் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

போன மாதம் அம்மா, மனைவியோடு ஹனோய் போனேன். எங்கள் ஏரியா டிராவல்ஸ்காரர்தான் டிக்கெட் போட்டார். சென்னை–பாங்காக், பாங்காக்–ஹனோய். "நாலு மணி நேர கேப் இருக்குண்ணா, ஆற அமர காபி குடிச்சிட்டு ஏறலாம்" என்றார்.

பாங்காக்கில் இரண்டு ஏர்போர்ட் இருப்பதை அவர் சொல்லவில்லை. நானும் பார்க்கவில்லை. முதல் டிக்கெட்டில் ஏர்போர்ட்டைக் குறிக்கும் மூன்றெழுத்து டி.எம்.கே., இரண்டாவதில் பி.கே.கே. முன்னது டான் மியூங், பழைய ஏர்போர்ட். 2006இல் சுவர்ணபூமி திறந்ததும் ஓய்ந்து கிடந்து, பின்னால் மலிவு விலை விமானங்களின் கோட்டையாகிவிட்டது. பின்னது அந்தச் சுவர்ணபூமி. பேரைக் கேட்டால் நம்ம ஊர் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது, ஆனால் டான் மியூங்கிலிருந்து சாலை வழியே நாற்பது கிலோமீட்டருக்கு மேல்.

சென்னையிலேயே ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதம். மெசேஜ் வந்தது, அவ்வளவுதான். இந்த மலிவு விமானங்கள் ஓடும் விதம் அப்படி. விமானத்துக்கும் பைலட்டுக்கும் வீடு டான் மியூங். அங்கிருந்து கிளம்பி சென்னை வந்து, அரைமணி, முக்கால் மணியில் ஆளை மாற்றி ஏற்றிக்கொண்டு அதே விமானம் திரும்ப வேண்டும். அங்கே கிளம்பும்போது தாமதமானால் இங்கே நமக்கும் தாமதம். மாற்று விமானம் சென்னையில் நிற்காது.

விடிகாலை ஐந்துக்கு இறங்கினோம். தனித்தனி டிக்கெட் என்பதால் லக்கேஜ் நேராக ஹனோய் போகாது. இமிக்ரேஷன் வரிசையில் நின்று தாய்லாந்துக்குள் நுழைந்து, பெட்டியை எடுத்து, வெளியே வந்து, டாக்சி பிடிக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. சுவர்ணபூமி போய்ச் சேர்ந்தபோது மணி 6.50. ஏழரை விமானத்துக்குக் கவுன்ட்டர் ஆறரைக்கே மூடிவிட்டது.

கவுன்ட்டரில் இருந்த பெண் பணிவாகத்தான் சொன்னார். முந்தைய விமானம் வேறு கம்பெனி, வேறு பி.என்.ஆர். (புக்கிங் நம்பர்), எங்களுக்குப் பொறுப்பில்லை. முதல் கம்பெனியோ, பாங்காக்கில் இறக்கிவிட்டோமே என்றது. சட்டப்படி இரண்டு பேரும் சொல்வது சரிதான், அதுதான் எரிச்சல். மூன்று புது டிக்கெட், 41,000 ரூபாய்.

ஏஜென்ட்டுக்கு போன் போட்டேன். "ரெண்டுமே பாங்காக்தானேண்ணா!"

அப்புறம் உட்கார்ந்து பார்த்தால், டான் மியூங்கிலிருந்தே ஹனோய்க்கு விமானம் இருக்கிறது. ஆளுக்கு அறுநூறு ரூபாய்தான் கூடுதல். அவர் போட்டது மலிவான இரண்டு துண்டுகளை ஒட்டிய டிக்கெட். ஒட்டியதற்கு 1,500 ரூபாய் சர்வீஸ் சார்ஜ்.

அதனால் ஊர்ப் பேரைப் பார்க்காதீர்கள், மூன்றெழுத்தைப் பாருங்கள். பி.என்.ஆர். ஒன்றா இரண்டா என்று கேளுங்கள். இரண்டு என்றால், லக்கேஜ் கடைசி ஊர்வரை போகுமா, முதல் விமானம் லேட்டானால் அடுத்ததில் இடம் யார் தருவார்கள் என்று வாட்ஸாப்பில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது போதாது, என்னிடமும் வாயால்தான் சொன்னார்.

சர்வீஸ் சார்ஜைத் திருப்பித் தருகிறேன் என்றார், இன்னும் வரவில்லை. நேற்று அவருடைய ஸ்டேட்டஸ்: "சென்னை–பாலி, பாங்காக் வழி, ஈஸி கனெக்‌ஷன், சில சீட்களே உள்ளன."